மாஸ்டர் ஃபேடரை இறக்கினால் தவில் நாதமே மாறிவிடுகிறது: மிக்ஸ் பஸ்ஸை எப்படிக் கட்டுவது?

அரசலாறு:

வணக்கம். கும்பகோணத்தை ஒட்டிய ஒரு மண்டபத்தில் எடுத்த மங்கல இசைப் பதிவு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ப்ரோ டூல்ஸ் (பதிவுக்கும் மிக்ஸுக்குமான மென்பொருள்). நாகஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு. தவில் ஒவ்வொன்றுக்கும் வலந்தலையில் (விரலால் வாசிக்கும் பக்கம்) ஒரு மைக், தொப்பியில் (கோலால் அடிக்கும் பக்கம்) ஒரு மைக். தாளத்துக்கு ஒன்று, சுருதிப்பெட்டிக்கு ஒன்று, மண்டபத்தின் நடுவில் ஒரு ஸ்டீரியோ ஜோடி. ஆக 9 ட்ராக். ரிவெர்புக்குத் (எதிரொலிப்பு) தனியாக ஓர் ஆக்ஸ் (மற்ற ட்ராக்குகளின் சத்தத்தை வாங்கி அனுப்பும் துணை ட்ராக்).

எல்லாமே நேராக அவுட்புட் 1-2-க்குப் போகிறது. ஒரு ஸ்டீரியோ மாஸ்டர் ஃபேடர் (சேர்ந்து வரும் மொத்தச் சத்தத்தின் அளவுக்கு) போட்டு அதன் முதல் இன்ஸர்ட்டில் (ப்ளகின் வைக்கும் இடம்) கம்ப்ரஸர் (த்ரெஷோல்ட் என்ற எல்லையைத் தாண்டும் சத்தத்தை அமுக்கும் ப்ளகின்) வைத்திருக்கிறேன்: ரேஷியோ 2:1, த்ரெஷோல்ட் -12, அட்டாக் 30 மில்லிசெகண்ட். சிக்கல்கள் இவை:

தனித்தனி ட்ராக் எதுவும் -6 டிபியைத் தாண்டவில்லை. ஆனாலும் தனி ஆவர்த்தனத்தின் தீர்மானத்திலும் கெட்டிமேளத்திலும் மாஸ்டர் மீட்டர் 0 டிபியைத் தாண்டிச் சிவப்புக்குப் போகிறது. மாஸ்டர் ஃபேடரை 5 டிபி இறக்கினால் சிவப்பு நிற்கிறது, ஆனால் கம்ப்ரஸர் வேலை செய்வது பாதியாகக் குறைந்து தவில் வேறு மாதிரி கேட்கிறது.

கடைசியில் 12 விநாடி ஃபேட் அவுட். முதல் சில விநாடிகள் சத்தம் குறைந்ததே தெரியவில்லை, பிறகு திடீரென்று வழுக்கிக்கொண்டு போகிறது.

ரிவெர்பில் நாகஸ்வரம் உச்சஸ்தாயியில் கரகரக்கிறது. ரிவெர்ப் ஆக்ஸ் ஃபேடரை இறக்கினாலும் அந்தக் கரகரப்பு மெல்லிதாகக் கேட்கிறதே தவிரப் போகவில்லை.

மிக்ஸை ஓர் ஆடியோ ட்ராக்கில் பதிந்துகொள்ளலாம் என்று பார்த்தால், மாஸ்டர் ஃபேடரை இன்புட்டாகத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை.

மாஸ்டர் ஃபேடரை வைத்துக்கொள்வதா, எடுத்துவிட்டு ஆக்ஸ் போடுவதா? இரண்டும் வேண்டுமென்றால் எது எங்கே?

குடமுருட்டி:

இரண்டும் வேண்டும், தம்பி. நீங்கள் சொன்னதில் முதல் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். ப்ரோ டூல்ஸில் ஆடியோ ட்ராக், ஆக்ஸ், இன்ஸ்ட்ருமெண்ட் ட்ராக் எல்லாவற்றிலும் இன்ஸர்ட் ஃபேடருக்கு முன்னால் இருக்கிறது. மாஸ்டர் ஃபேடரில் மட்டும் இன்ஸர்ட் ஃபேடருக்குப் பின்னால். சத்தம் முதலில் ஃபேடரைத் தாண்டித்தான் உங்கள் கம்ப்ரஸருக்கு வந்து சேர்கிறது.

ஆகவே மாஸ்டரை 5 டிபி இறக்குவதும், த்ரெஷோல்டை -12-லிருந்து -7-க்கு ஏற்றுவதும் கம்ப்ரஸரைப் பொறுத்தவரை ஒன்றுதான். நீங்கள் வால்யூமை மட்டும் தொட்டதாக நினைத்தீர்கள். கம்ப்ரஷனும் சேர்ந்து மாறிவிட்டது.

ஃபேட் அவுட்டையும் இதே கணக்கில் பாருங்கள். சத்தம் த்ரெஷோல்டுக்கு மேலே இருக்கிற வரைக்கும் 2:1 ரேஷியோவில் ஃபேடர் 6 டிபி இறங்கினால் வெளியே 3 டிபிதான் குறையும். மீதி 3 டிபியைக் கம்ப்ரஸர் தன் பிடியைத் தளர்த்தித் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. த்ரெஷோல்டுக்குக் கீழே போனதும் 6 இறங்கினால் 6 குறையும். ஃபேட் நடுவில் முறிவது அந்த இடத்தில்தான். கோடு எவ்வளவு அழகாக வரைந்தாலும் இது சரியாகாது, கம்ப்ரஸர் இருக்கும் இடம் மாற வேண்டும்.

செய்ய வேண்டியது:

மாஸ்டர் ஃபேடரைத் தவிர மற்ற எல்லா ட்ராக்கையும் தேர்ந்தெடுங்கள். ரிவெர்ப் ஆக்ஸையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்ட், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு (மேக் என்றால் ஆப்ஷன், ஷிப்ட்) ஏதாவது ஒரு ட்ராக்கின் அவுட்புட்டை ஒரு காலி ஸ்டீரியோ பஸ்ஸுக்கு (சத்தங்களைச் சேர்த்துக் கொண்டுபோகும் உள்பாதை) மாற்றினால் தேர்ந்தெடுத்த எல்லாமே மாறிவிடும். ஷிப்ட் இல்லாமல் ஆல்ட் மட்டும் அழுத்தினால் செஷனில் உள்ள எல்லா ட்ராக்கும் மாறும். அதை இங்கே செய்துவிடாதீர்கள். அவுட்புட் பெயரில் வலது க்ளிக் செய்து பஸ்ஸுக்கு "மிக்ஸ்" என்று பெயர் வையுங்கள். பெயர் இல்லாத பஸ் 9 ட்ராக்கில் தொந்தரவில்லை, 40 ட்ராக்கில் தலைவலி.

அடுத்து ஒரு ஸ்டீரியோ ஆக்ஸ். இன்புட் "மிக்ஸ்", அவுட்புட் 1-2. கம்ப்ரஸரை மாஸ்டரிலிருந்து இழுத்து இந்த ஆக்ஸுக்கு மாற்றுங்கள். ஃபேட் அவுட்டை இந்த ஆக்ஸின் வால்யூமில் வரையுங்கள். இன்ஸர்ட் ஃபேடருக்கு முன்னால் இருப்பதால் கம்ப்ரஸருக்குப் போகும் சத்தம் மாறவே மாறாது. ஃபேட் கடைசி வரை சீராக இறங்கும்.

மாஸ்டர் ஃபேடர் அவுட்புட் 1-2-லேயே இருக்கட்டும், 0-வில். அதன் வேலை இனி இரண்டுதான்: கடைசி மீட்டர், தேவைப்பட்டால் டித்தர் (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்). 16 பிட் ஃபைல் எடுக்கும்போது டித்தர் எல்லாவற்றுக்கும் பிறகு, ஃபேட் முடிந்த பிறகு வர வேண்டும். இன்ஸர்ட் ஃபேடருக்குப் பின்னால் இருப்பது அங்கேதான் உண்மையில் பயன்படுகிறது.

நான்காவது கேள்வி. மாஸ்டர் ஃபேடர் என்பது சத்தம் ஓடும் தனிப் பாதை இல்லை. ஏற்கெனவே இருக்கிற ஒரு பாதையின் மேல் வைத்த கைப்பிடி. அதனால்தான் அதில் இன்புட் கிடையாது, சென்ட் (சத்தத்தின் ஒரு பகுதியை வேறு பஸ்ஸுக்கு அனுப்பும் வழி) கிடையாது, பேன் (இடம் வலமாக நகர்த்துவது) கிடையாது, ஸோலோ, ம்யூட் கிடையாது. அதிலிருந்து எதையும் எடுத்து வேறு ட்ராக்குக்கு அனுப்ப முடியாது. ஆக்ஸ் வந்துவிட்டால் வழி திறந்துவிடும்: ஆக்ஸின் அவுட்புட்டை "ப்ரிண்ட்" என்று ஒரு பஸ்ஸுக்கு அனுப்பி, அதையே ஒரு ஸ்டீரியோ ஆடியோ ட்ராக்கின் இன்புட்டாக வையுங்கள். அந்த ஆடியோ ட்ராக் மட்டும் அவுட்புட் 1-2-க்குப் போகட்டும். ஆக்ஸும் 1-2-க்குப் போய், ப்ரிண்ட் ட்ராக்கும் 1-2-க்குப் போனால் ஒரே சத்தம் இரண்டு தடவை சேர்ந்து 6 டிபி ஏறிவிடும்.

வெண்ணாறு:

குடமுருட்டி அண்ணன் சொன்னது சரி. ஆனால் சிவப்பு ஏன் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்ஸ் போட்ட பிறகும் அதே சிவப்பு வரும்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சத்தங்கள் ஒரே அளவில் சேர்ந்தால் சராசரியாக 3 டிபி ஏறும். நான்கு சேர்ந்தால் 6, எட்டு சேர்ந்தால் 9. ஒரே நேரத்தில், ஒரே வடிவில் வரும் சத்தங்கள் என்றால் இரண்டு சேர்ந்தாலே 6. தனி ஆவர்த்தனத்தில் இரண்டு தவிலும் மாறி மாறி வாசிக்கும்போது மாஸ்டர் அமைதியாக இருந்திருக்கும். குறைப்பு முடிந்து மோராவும் கோர்வையும் சேர்ந்து வாசிக்கிற இடத்தில் இரண்டு வலந்தலையின் அடியும் ஒரே கணத்தில் விழுகிறது. மண்டப மைக்கிலும் அதே அடி. -6-இல் நிற்கும் ட்ராக்குகள் அங்கே +2, +3 என்று போவதில் ஆச்சரியமே இல்லை.

கம்ப்ரஸர் ஏன் பிடிக்கவில்லை என்றால், அட்டாக் 30 மில்லிசெகண்ட். கூடு போட்ட விரல் வலந்தலையில் பட்டதும் எழும் அந்தக் கூர்மையான முனை சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். கம்ப்ரஸர் முழுதாக அமுக்கத் தொடங்குவதற்குள் அது தாண்டிப் போயிருக்கும். அட்டாக்கைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். அந்த முனை போனால் தவில் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஆகிவிடும். மங்கல இசைக்கு மிக்ஸ் பஸ் கம்ப்ரஸர் 1 முதல் 2 டிபி வரை அசைந்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. நாகஸ்வரமும் தவிலும் இயல்பிலேயே திறந்த வெளிக்கான வாத்தியங்கள், அவற்றின் ஏற்ற இறக்கத்தை அமுக்கினால் களை போய்விடும்.

மிக்ஸைத் தொடங்கும்போது முதலில் கெட்டிமேளம் வருகிற இடத்தை லூப்பில் போட்டு அளவு வையுங்கள். ஆலாபனையில் அளவு வைத்தால் பின்னால் ஒவ்வொரு ட்ராக்காக இறக்க வேண்டி வரும். கெட்டிமேளத்தில் மிக்ஸ் -6 பக்கம் நிற்கும்படி வைத்தால் மற்ற இடங்களில் தலைக்கு மேல் இடம் தானாகக் கிடைக்கும்.

இனி உங்கள் நிலைமை: ட்ராக் ட்ராக்காக வால்யூம் ஆட்டோமேஷன் (ஃபேடர் தானாக நகர எழுதிவைப்பது) எழுதி முடித்திருப்பீர்கள். 9 ட்ராக்கையும் திரும்ப இறக்குவது வேண்டாத வேலை. இங்கேதான் மாஸ்டர் ஃபேடரின் இன்னொரு பயன். புதிதாக ஒரு ஸ்டீரியோ மாஸ்டர் ஃபேடர் போட்டு (கண்ட்ரோல், ஷிப்ட், என்; மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்) அதன் அவுட்புட்டை 1-2 இல்லாமல் "மிக்ஸ்" பஸ்ஸுக்கு வையுங்கள். இப்போது அது அந்தப் பஸ்ஸின் கைப்பிடி. 6 டிபி இறக்கினால் மிக்ஸ் ஆக்ஸுக்கு, அதாவது கம்ப்ரஸருக்கு, 6 டிபி குறைவாகப் போகும். எந்த ஆட்டோமேஷனும் கலையாது. அதற்கேற்ப த்ரெஷோல்டை ஒரு தடவை சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு பாதைக்கு ஒரு மாஸ்டர் ஃபேடர்தான் இயங்கும் என்பதால் 1-2-க்கு ஒன்று, மிக்ஸ் பஸ்ஸுக்கு ஒன்று என்று இரண்டு இருப்பதில் தடையில்லை.

கொள்ளிடக்கரை:

ரிவெர்ப் கரகரப்புக்கும் வெண்ணாறு சொன்ன அதே வைத்தியம்தான். நீங்கள் இறக்கியது ரிவெர்ப் ஆக்ஸின் ஃபேடரை. ரிவெர்ப் ப்ளகின் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. கெட்டது கெட்ட பிறகு அதன் அளவைக் குறைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பல ட்ராக்கிலிருந்து சென்ட் ஒரே பஸ்ஸில் வந்து குவிகிறது. இரண்டு நாகஸ்வரமும் மேல் ஷட்ஜத்தில் நின்றால் ரிவெர்பின் இன்புட் மீட்டர் உச்சியைத் தொடும்.

ரிவெர்ப் பஸ்ஸுக்கு ஒரு மாஸ்டர் ஃபேடர் போட்டு 6 முதல் 10 டிபி வரை இறக்கிப் பாருங்கள். சென்ட் எதையும் தொட வேண்டியதில்லை, அவற்றின் விகிதம் அப்படியே இருக்கும். ரிவெர்பின் அளவு குறைந்துவிட்டால் அதே 6 முதல் 10 டிபியை ஆக்ஸ் ஃபேடரில் ஏற்றிக்கொள்ளுங்கள். ப்ரோ டூல்ஸ் ஃபேடர் +12 வரை போகும்.

பஸ் உள்ளே எதுவும் உடைவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2011-இல் எச்டிஎக்ஸ் (ப்ரோ டூல்ஸின் வன்பொருள்) வந்தபோதே கூட்டல் 64 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்டுக்கு மாறிவிட்டது. பஸ் 0-வைத் தாண்டினாலும் பின்னால் எங்காவது இறக்கிவிட்டால் சத்தம் முழுசாகத் திரும்பி வரும். உடைவது இரண்டு இடத்தில். ஒன்று, உள்ளே வரும் அளவைப் பொறுத்துக் குணம் மாறுகிற ப்ளகின்கள்: பழைய அனலாக் கருவிகளைப் போலச் செய்தவை, சில ரிவெர்புகள். இரண்டு, கடைசியில் கன்வெர்ட்டரும் 24 பிட் அல்லது 16 பிட் ஃபைலும். அங்கே 0-வுக்கு மேலே இடமே கிடையாது. மாஸ்டர் மீட்டரின் சிவப்பை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது என்பதும், ட்ராக் மீட்டரின் சிவப்பைப் பார்த்துப் பதற வேண்டாம் என்பதும் இதனால்தான். ஒரு விலக்கு: பதிவாகும்போதே சிவந்திருந்தால் அது போனது போனதுதான்.

மாஸ்டர் ஃபேடரை எப்போதும் இறக்கியே வைக்க வேண்டும் என்று சில பழைய குறிப்புகளில் இருக்கும். அது 48 பிட் ஃபிக்ஸட் பாயிண்ட் மிக்ஸர் இருந்த டிடிஎம் (எச்டிஎக்ஸுக்கு முந்தைய வன்பொருள்) காலத்துக்கு எழுதியது. இப்போதைய ப்ரோ டூல்ஸில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

பதிவின்போதும் இது உதவும். வித்வான்களின் ஹெட்ஃபோனுக்கு அவுட்புட் 3-4-இல் சென்ட் கொடுத்திருந்தால் 3-4-க்கு ஒரு மாஸ்டர் ஃபேடர் வைத்துக்கொள்ளுங்கள். "சுருதி போதும், மொத்தமா கொஞ்சம் குறைங்க" என்றால் ஒரே விரலில் வேலை முடியும்.

அரசலாறு:

மூன்று பேருக்கும் நன்றி. மிக்ஸ் ஆக்ஸ், மிக்ஸ் பஸ்ஸுக்கும் ரிவெர்ப் பஸ்ஸுக்கும் மாஸ்டர் ஃபேடர் எல்லாம் போட்டாயிற்று. ரிவெர்ப் சுத்தமாகிவிட்டது, ஃபேட் அவுட்டும் செஷனில் சரியாக இறங்குகிறது. ஆனால் புதிதாக இரண்டு. தவில் ட்ராக்கை ஸோலோ போட்டால் (அதை மட்டும் தனியாகக் கேட்க) சத்தமே வரவில்லை. பவுன்ஸ் எடுத்த (மிக்ஸை ஃபைலாக மாற்றிய) ஃபைலில் ஃபேட் அவுட்டே இல்லை, கம்ப்ரஷனும் இருப்பது போலத் தெரியவில்லை.

வெண்ணாறு:

ஸோலோ: ஒரு ட்ராக்கை ஸோலோ போட்டால் மற்றதெல்லாம் ம்யூட் ஆகும், மிக்ஸ் ஆக்ஸும் சேர்த்து. தவில் சத்தம் பஸ்ஸுக்கு வருகிறது, ஆக்ஸ் வாய் மூடிக்கிடக்கிறது. மிக்ஸ் ஆக்ஸின் ஸோலோ பட்டனைக் கண்ட்ரோல் பிடித்துக்கொண்டு (மேக்கில் கமாண்ட்) க்ளிக் செய்யுங்கள். பட்டன் மங்கிவிடும். அதுதான் ஸோலோ சேஃப். ரிவெர்ப் ஆக்ஸுக்கும் செய்துவிடுங்கள். நீங்கள் முன்பு மாஸ்டர் ஃபேடர் மட்டும் வைத்திருந்தபோது இது வரவில்லை, ஏனென்றால் அதற்கு ம்யூட் ஆகவே தெரியாது.

பவுன்ஸ்: பவுன்ஸ் மிக்ஸ் ஜன்னலில் சோர்ஸ் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "மிக்ஸ்" பஸ் தேர்வாகியிருக்கும் என்று நினைக்கிறேன். பஸ்ஸை சோர்ஸாகக் கொடுத்தால் ஆக்ஸுக்குள் நுழைவதற்கு முன் இருக்கும் சத்தம்தான் ஃபைலாகும். கம்ப்ரஸரும் ஃபேட்டும் அதற்குப் பிறகல்லவா இருக்கின்றன. சோர்ஸை அவுட்புட் 1-2-க்கு மாற்றுங்கள். எடிட் ஜன்னலில் தேர்ந்தெடுத்த நீளம்தான் பவுன்ஸ் ஆகும் என்பதால் கடைசி ஒலி அடங்கிய பிறகும் சில விநாடி சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ரிவெர்பின் வால் அறுந்துவிடும்.

அரசலாறு:

சோர்ஸ் "மிக்ஸ்" என்றுதான் இருந்தது. மாற்றியதும் இரண்டும் சரி. இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். யூட்யூபில் போடப் போகிறார்கள், கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரிலும் போடுவார்கள். லிமிட்டரை (உச்சியை ஒரு வரம்பில் நிறுத்தும் ப்ளகின்) எங்கே வைக்க? எவ்வளவு சத்தத்துக்கு எடுக்க?

வெட்டாறு:

லிமிட்டரை மிக்ஸ் ஆக்ஸின் கடைசி இன்ஸர்ட்டாக வையுங்கள். ஃபேட் ஆக்ஸ் வால்யூமில் இருப்பதால் லிமிட்டரின் நடத்தை ஃபேட்டின்போது மாறாது. மேல் வரம்பு -1 டிபி, ட்ரூ பீக் (சாம்பிள்களுக்கு இடையே எழும் உச்சியையும் சேர்த்த) அளவை இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். யூட்யூப் ஃபைலைச் சுருக்கும்போது உச்சிகள் கொஞ்சம் எகிறும், அதற்குத்தான் அந்த 1 டிபி.

அளவு: மொத்தப் பதிவின் சராசரி -14 லஃப்ஸுக்கு (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) மேலே போனால் யூட்யூப் இறக்கிவிடும். கீழே இருந்தால் ஏற்றாது. ஆகவே -8, -9 என்று நசுக்கி அனுப்புவதில் ஒரு பயனும் இல்லை. நசுங்கியது நசுங்கியபடியே சத்தம் மட்டும் குறைந்து கேட்கும். மங்கல இசையில் ஆலாபனைக்கும் கெட்டிமேளத்துக்கும் இருக்கும் இடைவெளி பெரிது. -16 பக்கம் நின்றாலும் கவலைப்படாதீர்கள். ஆலாபனையை உயர்த்த வேண்டும் என்று தோன்றினால் லிமிட்டரைத் திருகாமல் நாகஸ்வர ட்ராக்கின் ஆட்டோமேஷனில் 2 டிபி ஏற்றுங்கள். யாராவது தனியாக மாஸ்டரிங் செய்யப் போகிறார்கள் என்றால் லிமிட்டரே வேண்டாம். உச்சி -6 பக்கம் நிற்க, 24 பிட்டில் கொடுங்கள்.

இன்னொன்று: பதிவு முடிந்த பிறகு தாளத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்வது போன்ற வேலை இருந்தால், தாமதம் சேர்க்கிற ப்ளகின்களை, அதாவது முன்னால் எட்டிப் பார்க்கும் வகை லிமிட்டரையும் லீனியர் ஃபேஸ் ஈக்யூவையும், அந்த நேரத்துக்கு இன்ஆக்டிவ் ஆக்கிவிடுங்கள். பைபாஸ் போதாது, பைபாஸிலும் அந்தத் தாமதம் அப்படியே இருக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லிசெகண்டுக்கு மேல். தாளம் போடுகிறவருக்கு அது நன்றாகவே உறுத்தும்.

மணல்மேடு ரீப்பர்:

ப்ரோ டூல்ஸ் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். மாஸ்டர் என்ற பெயரை வைத்து ஒரு மென்பொருளின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது.

ரீப்பரில் மாஸ்டர் ட்ராக் எப்போதும் இருக்கிறது, தெரியாவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், எம். அதன் எஃபெக்ட்கள் ஃபேடருக்கு முன்னால். அதாவது ப்ரோ டூல்ஸ் ஆக்ஸ் போல. அரசலாறு பார்த்த ஃபேட் முறிவு ரீப்பர் மாஸ்டரில் வராது. ஆனால் டித்தர் மாதிரி ஃபேடருக்குப் பின்னால் வர வேண்டியதை அதில் வைத்தால் இடம் தப்பு. ரெண்டர் (ரீப்பரில் பவுன்ஸுக்குப் பெயர்) ஜன்னலிலேயே டித்தர் தேர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

க்யூபேஸில் ஸ்டீரியோ அவுட்டின் இன்ஸர்ட் வரிசையில் எது ஃபேடருக்கு முன், எது பின் என்று பிரிக்கும் கோடு இருக்கிறது. 9.5-லிருந்து அந்தக் கோட்டை இழுத்து வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டூடியோ ஒன்னில் மெயின் அவுட்டுக்குப் போஸ்ட் என்று தனி இன்ஸர்ட் பகுதியே உண்டு. லாஜிக்கில் ஸ்டீரியோ அவுட் வேறு, மாஸ்டர் வேறு. ப்ளகினை ஸ்டீரியோ அவுட்டில் வையுங்கள், மாஸ்டரை 0-விலேயே விட்டுவிடுங்கள்.

ப்ரோ டூல்ஸில் விசிஏ மாஸ்டரையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். விசிஏ வழியே சத்தம் போவதே இல்லை, குழுவில் உள்ள ட்ராக்குகளின் ஃபேடரைத்தான் அது சேர்த்து நகர்த்துகிறது. ஆகவே இன்ஸர்ட் கிடையாது. நான்கு தவில் மைக்கையும் ஒரு விசிஏ-வில் வைத்தால் ஃபேடருக்குப் பின்னால் எடுக்கும் ரிவெர்ப் சென்டும் விகிதம் மாறாமல் கூடவே ஏறி இறங்கும். தவிலுக்குத் தனி ஆக்ஸ் போட்டு அதன் ஃபேடரை இறக்கினால் நேர் சத்தம் மட்டும் குறையும், ரிவெர்ப் குறையாது. தவில் தூரத்தில் போய்விட்டது போல இருக்கும்.

குடமுருட்டி:

குழாய் ஸ்பீக்கர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அது மோனோ. தெருவில் கேட்கப் போவது இடமும் வலமும் சேர்ந்த ஒரே சத்தம். ப்ரோ டூல்ஸ் மாஸ்டர் ஃபேடரில் மோனோ பட்டன் இல்லை. ஸ்டீரியோ அகலத்தைச் சுருக்கும் ப்ளகின் எதையாவது 1-2 மாஸ்டரின் கடைசி இன்ஸர்ட்டில் வைத்து அகலத்தை 0% ஆக்கிக் கேளுங்கள். பவுன்ஸுக்கு முன் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், மறந்தால் ஃபைலே மோனோவாகப் போய்விடும். ரீப்பர்காரர்களுக்கு இதில் வசதி அதிகம்: மானிட்டரிங் எஃப்எக்ஸில் வைத்தால் காதுக்கு மட்டும் கேட்கும், ரெண்டரில் சேராது. மானிட்டர் கண்ட்ரோலரில் மோனோ பட்டன் இருந்தால் எல்லாவற்றையும் விட அதுவே நல்லது.

மோனோவில் கேட்கும்போது முதலில் தவிலைக் கேளுங்கள். வலந்தலையில் அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகும், எதிர்ப்பக்கம் தொப்பித் தோல் வெளியே வரும். இரண்டு மைக்கும் எதிரெதிராக நிற்பதால் ஒன்றில் சத்தம் கீழே இறங்கும்போது மற்றதில் மேலே ஏறும். இரண்டும் சேர்ந்தால் அடிநாதம் தேய்ந்துவிடும். ஸ்டீரியோவில் இரண்டையும் தள்ளித் தள்ளிப் பேன் செய்திருந்தால் இது தெரியவே தெரியாது, மோனோவில் தொப்பியின் கனம் காணாமல் போகும்.

ஒரு தவிலை மட்டும் ஸோலோ போட்டு, தொப்பி ட்ராக்கில் ஈக்யூ ப்ளகினின் போலாரிட்டி பட்டனை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) அழுத்தி எடுத்துப் பாருங்கள். எந்த நிலையில் கீழ்ச்சத்தம் நிறைந்து வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு தவிலுக்கும் அதே போல. கடைசியில் மண்டப ஜோடியையும் திறந்து இன்னொரு முறை சரிபாருங்கள். ஆறு மீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்குச் சத்தம் 17 மில்லிசெகண்ட் கழித்துத்தான் வந்து சேரும் என்பதால் அங்கே போலாரிட்டி பெரிதாக வித்தியாசம் காட்டாது. தொப்பியில்தான் காட்டும்.

இதைச் சரிசெய்த பிறகு அடிநாதம் கூடும், அதனால் மிக்ஸ் பஸ்ஸின் அளவும் ஏறும். கெட்டிமேளத்தை மறுபடி ஓட்டி, மிக்ஸ் பஸ் மாஸ்டர் ஃபேடரை ஒன்று இரண்டு டிபி இறக்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பவுன்ஸுக்குப் போங்கள். ஆல்ட், சி அழுத்தினால் பழைய சிவப்புகள் எல்லாம் அழியும். அதைச் செய்துவிட்டு முழுப் பாட்டையும் ஒரு தடவை ஓடவிட்டால் புதிதாகச் சிவப்பது எது என்று தெரியும்.

அரசலாறு:

ஒரு தவிலில் தொப்பியைத் திருப்ப வேண்டியிருந்தது, இன்னொன்றில் இல்லை. ஒரே மாதிரி மைக், ஒரே மாதிரி இடம். இப்படி வருமா?

குடமுருட்டி:

வரும். இரண்டு மைக் கேபிளில் ஏதோ ஒன்றில் 2-ஆம் பின்னும் 3-ஆம் பின்னும் இடம் மாறிச் சால்டர் ஆகியிருக்கலாம். திருப்பத் தேவைப்படாத தவிலின் வலந்தலை, தொப்பி கேபிள் இரண்டையும் எடுத்து, இரு முனையையும் மல்டிமீட்டரில் பின்னுக்குப் பின் தொட்டுப் பாருங்கள். 2-லிருந்து 2, 3-லிருந்து 3 ஒலிக்க வேண்டும். மாறியிருந்தால் அந்தக் கேபிளில் அடையாளத்துக்கு ஒரு டேப் சுற்றி வைத்துவிட்டு, அடுத்த பதிவுக்குள் சால்டரைச் சரிசெய்துவிடுங்கள்.